ஆமைக்கு எதற்குக் கெட்ட பெயர்?

கேள்வி: சமீபத்தில் ஒரு கொலை விசாரணைப் படம் பார்த்தேன். நடித்தவர்கள் எல்லோரும் அசத்தியிருக்கிறார்கள். ஆனால் படம் ஆமை வேகம். இவ்வளவு நல்ல நடிப்பு இருந்தும் ஏன் கொட்டாவி வருகிறது?
(தொண்டி வாசகர் ஒருவர்)

பதில்: தொண்டியில் இருந்துகொண்டு ஆமையை மந்தம் என்று சொல்லலாமா? உள்நாட்டுக்காரர் எழுதியிருந்தால், பாவம், கிணற்று ஆமையை மட்டும் பார்த்தவர் என்று விட்டிருப்பேன். நாம் பேராமை, பங்குனி ஆமை, அழுங்காமை என்று வகைக்கொரு பெயர் வைத்திருக்கிறவர்கள். தண்ணீருக்குள் அது துடுப்பை நாலு வீச்சு வீசினால், பக்கத்தில் நீந்துகிறவர் பின்தங்கிவிடுவார். மணலில்தான் திணறும். அதுவும் சும்மா ஏறுவதில்லை. ராத்திரியில் கரையேறி, பின்துடுப்பால் குழி பறித்து, 100 முட்டை போல இட்டு, மணலால் மூடிவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கடலுக்குப் போய்விடும். அந்த நடையில் ஒரு அடி வீண் கிடையாது.

நீங்கள் சொல்லும் படத்தை நானும் ராமநாதபுரத்தில் இரவுக் காட்சியில் பார்த்தேன். பிணவறை வாசலில் அந்தத் தாயிடம் மகனின் செருப்பைக் காட்டுகிறார்கள். அவர் அழவில்லை. ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, இரண்டையும் ஜோடியாகச் சேர்த்து வைக்கிறார். எனக்குத் தொண்டை அடைத்தது. அங்கே வெட்டியிருக்க வேண்டும். கேமரா நகர மறுக்கிறது. முகம், சுவர், மேலே சுற்றும் ஃபேன், மறுபடி முகம். நாலாவது முறை அந்த முகத்தைக் காட்டியபோது என் துக்கம் வடிந்துபோயிருந்தது.

நடிப்பு 'இருந்தும்' என்கிறீர்கள். 'இருந்ததால்' என்பேன் நான். சுமாரான நடிகர் என்றால் கத்தரி தயங்காது. இவ்வளவு நன்றாக நடித்தவரின் ஒரு விநாடியைக்கூட இழக்க இயக்குநருக்கு மனம் வரவில்லை. முட்டையிட்ட குழியை மூடாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். இடைவேளையிலேயே கொலைகாரன் தாய்மாமன்தான் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. அதை இன்ஸ்பெக்டர் கண்டுபிடிக்கும்வரை, நமக்குத் தெரிந்ததையே ஒவ்வொரு நடிகரும் அழகாக நடித்துக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

மெதுவாகப் போவதே குற்றம் என்று சொல்ல மாட்டேன். 1914இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் ரயில் கடைசிவரை ஊர்ந்துதான் போனது. நான் போன நாளெல்லாம் பெட்டியில் யாரும் தூங்கிப் பார்த்ததில்லை, சன்னலோரத்துக்குத்தான் சண்டை. கீழே கடல் இருந்தது, பார்க்க ஏதோ வந்துகொண்டே இருந்தது. இந்தப் படத்தின் இரண்டாம் பாதியில் சன்னலை மூடிவிட்டார்கள்.

சரி, ஆமைப் பேச்சு வந்துவிட்டது. இந்தப் பக்கத்தில் பலமுறை எழுதியதுதான், விடமாட்டேன். இழுவை வலையில் மாட்டும் ஆமை மூச்சு முட்டிச் சாகிறது. அதற்குச் செவுள் கிடையாது, மேலே வந்து காற்றை இழுத்தாக வேண்டும். வலைக்குள் ஒரு கம்பித் தட்டியும் ஒரு திறப்பும் வைத்தால் ஆமை வெளியேறிவிடும். மீனும் இறாலும் சேர்ந்து போய்விடும் என்று விசைப்படகு நண்பர்கள் என்னிடம் கோபப்படுகிறார்கள். கொஞ்சம் போகத்தான் செய்யும். அந்தக் கொஞ்சத்தை விட்டுக்கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

தொண்டிக்காரரே, மாசி பங்குனியில் ஒருநாள் விடியுமுன் தனுஷ்கோடிக்குப் போய்ப் பாருங்கள். மணலில் டிராக்டர் டயர் உருண்டதுபோல் ஒரு தடம் கடலிலிருந்து ஏறி, மறுபடி கடலுக்கே இறங்கியிருக்கும். குழியைக் கிளறாதீர்கள். வனத்துறைக்குச் சொன்னால் முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைத்து வைப்பார்கள். ஏறக்குறைய 50 நாளில் குஞ்சுகளைக் கடலில் விடுவார்கள். அன்றைக்கும் போங்கள், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு.