'வுமன்' என்ற சொல்லில் கருப்பை இல்லை

கேள்வி: மகளிர் தினப் பேச்சுப் போட்டிக்காக என் மகளுக்கு உரை எழுதி வாங்கினோம். கருப்பையைக் குறிக்கும் 'வூம்', ஆணைக் குறிக்கும் 'மேன்' இரண்டும் சேர்ந்துதான் 'வுமன்' வந்தது என்று அதில் இருக்கிறது. தைரியமாகச் சொல்லலாமா?

பதில்: வேண்டாம். அந்த வரியை அடித்துவிடுங்கள்.

பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல் 'வீஃப்மன்'. 'வீஃப்' என்றால் பெண். 'மன்' என்பது அன்று மனிதர் என்ற பொதுச்சொல். ஆணுக்கு 'வெர்' என்று தனியாக ஒரு சொல் இருந்தது. ஓநாய் மனிதனைச் சொல்லும் 'வேர்வுல்ஃப்' என்பதில் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. வடமொழி வழியாக நமக்கு வந்த 'வீரன்' அதற்குத் தூரத்துச் சொந்தம்.

சரி, 'வீஃப்மன்' எப்படி 'வுமன்' ஆனது? பேச்சில் 'ஃப்' தேய்ந்து 'விம்மன்' ஆனது. முன்னால் நிற்கும் வகரம் உதட்டைக் குவிக்க, 'வி' மெல்ல 'வு' ஆகிவிட்டது. பன்மையில் மட்டும் பழைய ஒலி போகவில்லை, இன்றும் 'விமின்' என்கிறோம். இரண்டையும் மகளை உரக்கச் சொல்லச் சொல்லுங்கள், அவளுக்கே விளங்கும்.

'வீஃப்' தனியாக நின்று 'வைஃப்' ஆகி மனைவியைக் குறித்தது. 'மிட்வைஃப்' போன்ற சில சொற்கள் விதிவிலக்கு. பிரசவம் பார்ப்பவர் யாருக்கும் மனைவியாக இருக்கத் தேவையில்லை. அங்கே 'வைஃப்' பழைய பொருளில் பெண்தான். 'மிட்' என்பதும் 'மிட்நைட்'டில் வரும் நடு அல்ல, 'உடன்' என்று பொருள். பிரசவ நேரத்தில் தாயின் கூடவே இருக்கும் பெண். இதை மேடையில் சொன்னால் அழகாக இருக்கும்.

'வூம்' வேறு குடும்பம். அதன் பழைய பொருள் வெறும் வயிறு, ஆணின் வயிற்றுக்கும் அதே சொல்தான்.

காசு வாங்கிக்கொண்டு உரை எழுதித் தருபவர்களிடமும், வேர்ச்சொல் கையேடு விற்கும் பயிற்சி மையங்களிடமும் உஷாராக இருங்கள். இன்றைய எழுத்துக்கூட்டலை நடுவில் வெட்டி ஒரு கதை கட்டிவிடுகிறார்கள். சொல்லின் பழைய வடிவத்தைக் காட்டாத எந்தக் கதையையும் நம்பாதீர்கள். மெரியம் வெப்ஸ்டர் அகராதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, சொல்லின் வரலாறு அதிலேயே இருக்கிறது. பன்னிரண்டு வருஷம் ஸ்பெல்லிங் மனப்பாடம் செய்ய வைக்கும் பள்ளிகள் அந்தப் பகுதியைப் பிள்ளைகளுக்குக் காட்டுவதே இல்லை. நடுவர்களும் கைதட்டி மதிப்பெண் போட்டுவிடுகிறார்கள். எரிச்சலாக வருகிறது.

அப்புறம், அதே உரையில் ஆணைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் 'மேல்' என்பதிலிருந்து 'ஃபீமேல்' வந்தது என்றும் இருந்தால் அதையும் நீக்குங்கள். லத்தீன் 'ஃபெமெல்லா'தான் அதன் மூலம். 'மேல்' என்ற சொல்லின் சாயலில் எழுத்தை மாற்றியது பிறகு நடந்தது.