மளிகைக்கு மாதம் 6,000 ரூபாய் ஒதுக்கும் வீட்டில் இயற்கை விளைபொருள்கள் வாங்க முடியுமா?

“எங்கள் குடும்ப வருமானம் மாதம் 30,000 ரூபாய். இயற்கை முறையில் விளைந்த பொருள்களையும் சுற்றுச்சூழலுக்குக் கேடு செய்யாத பொருள்களையும் மட்டுமே வாங்கி வாழ முடியுமா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

“மட்டுமே” என்ற சொல்லை எடுத்துவிட்டால் முடியும். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மூன்றே மாதத்தில் ஏலச்சீட்டுப் பணத்தைக் கரைத்தவள் நான் என்பதால்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன். நீங்களும் எங்களைப் போல வாடகை வீட்டில், பள்ளி செல்லும் பிள்ளைகளோடு இருப்பவர் என்று எடுத்துக்கொள்கிறேன். சொந்த ஊரிலிருந்து நெல் மூட்டை வந்து இறங்கும் வீடு என்றால் இந்தப் பதில் உங்களுக்குப் பயன்படாது.

நாங்கள் இருப்பது திருச்சியில். கணவர் துவாக்குடிப் பக்கம் ஒரு பட்டறையில் வெல்டர். நான் தனியார் பள்ளி ஆசிரியை. 2019-இல் பெரிய மகளுக்குத் தோலில் அரிப்பு வந்தது. எல்லாம் காய்கறியில் அடிக்கும் மருந்தினால்தான் என்று பக்கத்து வீட்டில் ஒருவர் சொல்ல, நான் ஓர் ஆர்கானிக் கடைக்குப் போனேன். (அரிப்புக்குக் காரணம் புதிதாக மாற்றிய சோப்பு என்பது பிறகு தெரிந்தது. இருந்தாலும் கடைக்குப் போன பழக்கம் நிற்கவில்லை.) கல்லாவுக்குப் பின்னால், “வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு” என்ற பழமொழியைச் சட்டமிட்டு மாட்டியிருந்தார்கள். அதைப் படித்த எந்தத் தாய்க்கும் விலைச்சீட்டைப் பார்க்கக் கூச்சமாகத்தான் இருக்கும். 6,000 ரூபாய்க்குள் முடிந்த எங்கள் மளிகைச் செலவு அந்த மாதம் 10,400 ஆயிற்று. அப்படி வாங்கிய கீரைக்கட்டு பிளாஸ்டிக் உறையில் இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பணம் போனது ஒரு பக்கம் இருக்க, பொருளும் வீணானது. கருப்புக் கவுனியை முதல் நாள் இரவே ஊற வைக்க வேண்டும் என்று தெரியாமல் மற்ற அரிசியைப் போலக் குக்கரில் வைத்தேன். பிள்ளைகள் இரண்டு வாய் மென்றுவிட்டுத் தட்டை நகர்த்திவிட்டார்கள். மீதி அரிசியில் ஒரே மாதத்தில் வண்டு விழுந்தது. அதன் பிறகுதான் என் மாமியார் அரிசிப் பானையில் வசம்புத் துண்டுகளைப் போட்டு வைக்கச் சொன்னார்.

அடுத்த மாதம், சிக்கனமாக இருப்பதாக எண்ணிக்கொண்டு, வேறொரு கடையில் லிட்டர் 160 ரூபாய்க்கு “மரச்செக்கு” என்று எழுதிய கடலை எண்ணெய் வாங்கி வந்தேன். மாமியார் மூடியைத் திறந்து, இரண்டு சொட்டை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்தார். “ஏம்மா, நிலக்கடலைப் பருப்பு கிலோ என்ன விலை?” என்று கேட்டார். காந்தி மார்க்கெட்டில் அப்போது 90 ரூபாய். “ஒரு லிட்டர் எண்ணெய்க்கு ரெண்டரைக் கிலோ பருப்பு வேணும். பருப்புக்கே இருநூத்தி இருபத்தஞ்சு ஆகுதே, இவன் எப்படி நூத்தி அறுபதுக்குத் தர்றான்?” என்றார். புண்ணாக்கை விற்ற காசைக் கழித்தாலும் அந்தக் கணக்கு இடிக்கத்தான் செய்தது. எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்காத அவர் போட்ட அந்தக் கணக்கைத்தான் இன்றுவரை எல்லாப் பொருளுக்கும் போட்டுப் பார்க்கிறேன். மூலப்பொருளின் விலையைவிடக் குறைவாக விற்கப்படும் எதுவும், உறையில் என்ன எழுதியிருந்தாலும், அது சொல்லும் பொருள் அல்ல.

அந்த மாதமே பத்துக் கிலோ நிலக்கடலைப் பருப்பு வாங்கி, மொட்டைமாடியில் பழைய வேட்டி விரித்து ஒரு நாள் காயவைத்து, ஸ்கூட்டரின் முன்னால் மூட்டையை வைத்துக்கொண்டு செக்குக்குப் போனோம். ஆட்டி முடிய ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. கூலிக்குப் பதில் புண்ணாக்கை எடுத்துக்கொண்டார்கள். கலங்கலாக வந்த எண்ணெயைத் தூக்குவாளியில் ஊற்றி, வாயைத் துணியால் கட்டி, மூன்று நாள் வெயிலில் வைத்ததும் மண்டி அடியில் தங்கியது. அதை அசைக்காமல் தெளிவாக இறுத்தபோது நான்கு லிட்டருக்குச் சற்றுக் குறைவாக இருந்தது. லிட்டருக்கு ஏறக்குறைய 230 ரூபாய். ஆர்கானிக் கடையில் அதுவே 290. அந்தக் கடலை ரசாயனம் இல்லாமல் விளைந்ததா என்று கேட்டால், இல்லை. சந்தைக் கடலைதான். கண்ணெதிரே ஆட்டிய கலப்படமில்லாத எண்ணெய் என்பதற்கு மேல் நான் எதையும் உரிமை கொண்டாடவில்லை.

இனி, சான்றிதழ். “இயற்கை”, “நாட்டு”, “பாரம்பரிய” என்ற சொற்களை உறையில் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். அவை சான்று ஆகா. உறையிட்ட பொருளை ஆர்கானிக் என்று விற்கும்போது “ஜைவிக் பாரத்” போன்ற அரசின் ஆர்கானிக் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பி.ஜி.எஸ். (பங்கேற்பு உத்தரவாதம்) என்ற சான்று முறையில் உழவர்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை ஒருவர் ஆய்வு செய்வதால் அவர்களுக்குச் செலவு குறைவு; அதில் “கிரீன்” என்றிருந்தால் நிலம் இயற்கை முறைக்கு இன்னும் மாறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட சிறு உழவர் நேரடியாக நமக்கு விற்கும்போது சான்றிதழ் கட்டாயமில்லை. ஆகவே முத்திரை இல்லை என்பதற்காகச் சந்தையில் கீரை விற்கும் அம்மாவைச் சந்தேகிக்க வேண்டாம். குளிரூட்டிய கடையில் முத்திரை இல்லாத உறையைச் சந்தேகிக்கலாம். பழுப்பு ஓடு கொண்ட முட்டை எல்லாம் நாட்டுக்கோழி முட்டை என்றும் நம்ப வேண்டாம். ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது, பண்ணையிலும் பழுப்பு முட்டையிடும் இனங்கள் உண்டு.

காய்கறியில் நான் செய்வது, மருந்து அதிகம் அடிக்கும் காய்களைக் குறைத்துக்கொள்வதுதான். காலிஃபிளவர், முட்டைக்கோஸ், கத்தரிக்காய் ஆகியவற்றை வாரத்தில் ஒரு நாளோடு நிறுத்திக்கொண்டு, தென்னூர் உழவர் சந்தையில் வாழைத்தண்டு, வாழைப்பூ, சுரைக்காய், சேனை, பரங்கி என்று வாங்குகிறேன். முருங்கைக்கீரை தெருக்கோடி வீட்டு மரத்திலிருந்து கேட்டாலே கிடைக்கிறது. இவற்றுக்கு முத்திரையும் இல்லை, கூடுதல் விலையும் இல்லை. மஞ்சளும் உப்பும் கலந்த நீரில் ஊற வைத்தால் எல்லா மருந்தும் போய்விடும் என்பது உண்மையல்ல; மேலே படிந்தது ஓரளவு போகும், செடி உறிஞ்சிக்கொண்டது போகாது. வெல்லத்தில் வெளிறிய மஞ்சள் நிறத்தைத் தவிர்க்கிறேன், ஹைட்ரோஸ் என்ற ரசாயனம் போட்டு வெளுப்பார்கள் என்பதால். கறுத்த வெல்லம் எங்கள் கடையில் விலையும் குறைவு. இயற்கை முறை அரிசியைத் தை அறுவடைக்குப் பிறகு மூன்று வீட்டார் சேர்ந்து, தஞ்சைப் பக்கத்து உழவர் ஒருவரிடம் தூயமல்லி ஒரு சிப்பமாக வாங்கிப் பிரித்துக்கொள்கிறோம். அது ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு. மற்ற நாள்களில் சாதாரணப் பொன்னி. இட்லிக்கு நியாயவிலைக் கடை அரிசி. தீபாவளிப் பலகாரம் அந்தக் கடைப் பாமாயிலில்தான் பொரிகிறது. “இதுவா இயற்கை வாழ்வு?” என்று கீழே எழுத வருபவர்கள், தங்கள் வீட்டு மளிகைக் கணக்கையும் சேர்த்து எழுதினால் மகிழ்ச்சி.

பாத்திரம் துலக்கப் பீர்க்கங்கூடு, தலைக்குச் சீயக்காய், கடைக்கு மஞ்சள் பை. இவை புதுச் செலவு அல்ல. 2019 ஜனவரியில் ஒரு முறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தபோதுதான் பலர் துணிப்பையைத் தேடினார்கள். மாமியார் அதை விட்டதே இல்லை. ஆனால் சீயக்காயைக் காயவைத்து, அரைத்து, சலித்து வைப்பது யார்? கடலையைக் காயவைத்தது யார்? பணத்தில் மிச்சமாவது பெண்களின் ஞாயிற்றுக்கிழமையிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. “வீட்டிலேயே செய்துகொள்ளலாமே” என்று எழுதும் ஆண்களில் எத்தனை பேர் சல்லடையைத் தொட்டிருக்கிறார்கள் என்று எனக்குக் கேட்கத் தோன்றும். எங்கள் வீட்டில் இப்போது கடலை மூட்டையும் செக்கும் கணவர் பொறுப்பு. அந்த உடன்பாடு ஏற்படாமல் இதைத் தொடர்ந்திருக்க மாட்டேன்.

இத்தனை செய்த வீட்டில், சின்னவனின் பள்ளியிலிருந்து சுற்றுச்சூழல் நாளுக்கு ஒரு செயல்திட்டம் கொடுத்தார்கள்: தெர்மாகோலில் பூமி உருண்டை, வண்ணம் பூசி, மினுக்குத்தூள் ஒட்டி. செலவு 280 ரூபாய், ஒரு லிட்டர் செக்கெண்ணெயின் விலை. நானும் ஆசிரியைதான் என்பதால் அதைப் பற்றி அதிகம் பேச முடியாது.

இன்று எங்கள் மளிகைச் செலவு, விலைவாசி ஏறியும், 7,800 ரூபாய்க்குள் நிற்கிறது. நீங்கள் எண்ணெயிலிருந்து தொடங்குங்கள். புதுக்கடலை வரத்து இருக்கும்போது பத்துக் கிலோ வாங்கினால் போதும். மேகமூட்டமான வாரத்தில் மட்டும் வாங்கிவிட வேண்டாம். நான் ஒரு முறை அப்படிச் செய்து, மண்டி தெளிய எட்டு நாள் காத்திருந்தேன்.