குதிரைக்குட்டியின் குளம்பு வெடித்திருக்கிறது. தேங்காய் எண்ணெய் தடவலாமா?

கேள்வி கேட்டவர் சொன்னது இவ்வளவு: கோலாலம்பூருக்கு வெளியே ஒரு லாயத்தில் அவர்களுடைய ஒன்றரை வயதுப் பெண்குட்டி இருக்கிறது. முன்னங்கால் இரண்டிலும் குளம்பு கீழ் ஓரத்திலிருந்து மேல்நோக்கி வெடித்துக்கொண்டு வருகிறது. நொண்டவில்லை. எண்ணெய் போதுமா, இல்லை லாடம் அடித்துவிடலாமா?

எண்ணெய் வேண்டாம். லாடமும் இப்போதைக்கு வேண்டாம். குளம்பைச் சீவ லாடக்காரரைக் கூப்பிடுங்கள்.

என் அப்பா பினாங்கு பத்து காந்தோங் பந்தயத் திடலில் சைஸ் வேலை, அதாவது குதிரைகளைப் பராமரிக்கும் வேலை, பார்த்தவர். நான் மருத்துவரும் இல்லை, லாடக்காரரும் இல்லை. கோலாலம்பூரில் வேலை கிடைத்து வந்தபின் சனி ஞாயிறுகளில் ஒரு லாயத்துக்கு உதவிக்குப் போகிறேன், அவ்வளவுதான். ஆனால் நீங்கள் செய்யப் போகிற தப்பை நான் ஏற்கெனவே செய்து முடித்திருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் லாயத்தில் மணி என்று ஒரு ஆண்குட்டி. இதே வயசு, இதே மாதிரி வெடிப்பு. வெயில் தாங்காதே என்று காலையும் மாலையும் குழாய் போட்டுக் குளிப்பாட்டுவேன். குளித்ததும் குளம்புக்குத் தேங்காய் எண்ணெய். பார்க்கக் கண்ணாடி மாதிரி மின்னும். மூன்று வாரத்தில் வெடிப்பு இன்னும் ஒரு விரல் அகலம் மேலே ஏறிவிட்டது. பயந்துபோய் அப்பாவுக்குப் போன் போட்டேன். அவர் கேட்டது இரண்டே கேள்வி. "மேலேர்ந்து வெடிச்சிருக்கா, கீழேர்ந்தா?" கீழேர்ந்து என்றேன். "கடைசியா எப்பச் சீவுனாங்க?" விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன், நாலு மாதம். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அந்த எண்ணெய்ய உன் தலையில தேய்டா" என்று வைத்துவிட்டார்.

அந்த முதல் கேள்விதான் முக்கியம். குளம்பு நம் நகம் மாதிரி. மயிர் முடிந்து கொம்பு (குளம்பின் கெட்டியான வெளிச்சுவர்) தொடங்கும் மேல் விளிம்பிலிருந்து கீழ்நோக்கி வளர்கிறது. பெரிய குதிரைக்கு மாதம் 6 முதல் 10 மில்லிமீட்டர், குட்டிக்கு இன்னும் வேகம். உங்கள் குட்டிக்கு இருப்பதுபோல் கீழிருந்து கிளம்பும் வெடிப்பு பெரும்பாலும் வளர்ந்து நீண்டுபோன குளம்பால் வருவது. சீவாமல் விட்டால் ஓரம் தட்டு மாதிரி வெளியே விரியும். குட்டி எடுத்து வைக்கிற ஒவ்வொரு அடியிலும் தரை அந்த ஓரத்தை நெம்பும். விறகுக்குள் ஆப்பு இறங்கினால் என்ன ஆகும்? அதேதான். நெம்புகிறதை நிறுத்தாமல் மேலே எண்ணெய் பூசி என்ன பயன்? பிளந்த கொம்பு ஒட்டாது. மேலேயிருந்து நல்ல கொம்பு வளர்ந்து வந்து, பழையதைக் கீழே தள்ளிச் சீவி எறிந்தால்தான் தீரும்.

மேல் விளிம்பிலிருந்து கீழே இறங்கும் வெடிப்பு வேறு கதை. கொம்பு முளைக்கிற இடத்திலேயே அடிபட்டிருக்கலாம். அதை லாடக்காரரும் மருத்துவரும் சேர்ந்து பார்க்க வேண்டும்.

ஒன்றரை வயதில் நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை சீவ வேண்டும். வெளியே விரிந்த ஓரத்தை அரத்தால் உருட்டிவிட்டு, வெடிப்பு இருக்கிற இடம் மட்டும் தரையில் அழுந்தாதபடி லேசாக எடுத்துவிடச் சொல்லுங்கள். யூடியூப் பார்த்து நீங்களே அரம் பிடிக்காதீர்கள். குட்டிக்கு எலும்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. முன்னங்கால் முட்டிக்கு மேலே இருக்கும் வளர்ச்சிப் பகுதி (எலும்பு நீளும் இடம்) மூடவே இரண்டு வயது தாண்டும். குளம்பை ஒரு பக்கம் சாய்த்துச் சீவினால் பாரம் ஒரு பக்கமாகவே விழும், கால் கோணும். லாடம் வேண்டாம் என்பதும் இதனால்தான். வளர்கிற குளம்பு மிதிக்கும்போது விரிந்து சுருங்க வேண்டும். ஆணி அடித்துப் பூட்டிவிட்டால் முடியாது. ஏற்கெனவே வெடித்த கொம்பில் ஆணி இறக்குவது இன்னும் மோசம். (மலாய்க்காரர்கள் வாயிலும் அது 'லாடாம்'தான். நம்மிடமிருந்து போன சொல் என்று அப்பாவுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.)

அடுத்தது ஈரம். நம் ஊரில் காலையில் புல் நனைந்திருக்கும், மத்தியானம் தரை கொதிக்கும், நாலு மணிக்கு மழை கொட்டும். இதற்கு மேல் நாமும் இரண்டு வேளை குளிப்பாட்டினால் குளம்பு ஊறுவதும் காய்வதுமாகவே இருக்கும். மழையில் கிடந்து வெயிலில் காய்ந்த பலகை எப்படிப் பிளக்கும் என்று பார்த்திருப்பீர்கள். குளம்புக்கு வேண்டிய ஈரத்தை உள்ளேயிருந்து ரத்தமே கொடுக்கிறது. மேலே பூசும் எண்ணெய் உள்ளே போவதில்லை. வெடிப்பில் புகுந்த அழுக்கையும் கிருமியையும் மூடி வைக்கத்தான் உதவும். வேர்வைக்கு ஈரத் துணியால் உடம்பைத் துடைத்தாலே போதும். முழுக்குளியல் நாளுக்கு ஒரே ஒரு வேளை, அதுவும் முடிந்தபின் குட்டி காய்ந்த தரையில் நிற்கட்டும்.

லாயத்துக்குள் ஒரு சோதனை செய்து பாருங்கள். குட்டி படுத்தால் அதன் மூக்கு எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்துக்குக் குனிந்து மூச்சிழுங்கள். கண் எரிகிறதா? அப்படியானால் தரையில் விரித்திருக்கும் மரத்தூளை மாற்றுங்கள். மூத்திரத்தின் அந்தக் காரம் கொம்பையும் அரிக்கும்.

தினமும் கொக்கியால் குளம்படியைச் சுரண்ட வேண்டும். குதிகாலிலிருந்து நுனி நோக்கி. நடுவில் இருக்கும் முக்கோணமான மெத்துப் பகுதியைக் குத்தக் கூடாது, அதன் இருபக்கப் பள்ளத்தில் இருக்கும் சேற்றை மட்டும் எடுங்கள். அங்கே கறுப்பாகக் கசிந்து அழுகல் வாடை அடித்தால் அது வேறு நோய், லாடக்காரரிடம் காட்டுங்கள். பினாயில், டர்பன்டைன் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், ஊற்றாதீர்கள்.

தீனி பற்றி நீங்கள் எழுதவில்லை. ஆனாலும் சொல்கிறேன், இங்கே நிறையப் பேர் தவிடும் நேப்பியர் புல்லும் போட்டே குட்டியை வளர்க்கிறார்கள். தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. நேப்பியர் மாதிரி வெப்பமண்டலப் புற்களில் இருக்கும் ஆக்சலேட் இருக்கிற கால்சியத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். இது குளம்பை விட எலும்பைத்தான் முதலில் கெடுக்கும். குளம்புக்கு என்று பார்த்தால் துத்தநாகம், தாமிரம், பயோட்டின் என்ற வைட்டமின். பெரிய குதிரைக்குப் பயோட்டின் நாளுக்கு 15 முதல் 20 மில்லிகிராம் கொடுப்பார்கள். குட்டிக்கு எடை பார்த்து மருத்துவர் சொல்லட்டும். ஆறேழு மாதம் விடாமல் கொடுத்தால்தான் பலன் தெரியும், அதுவும் புதிதாக வளரும் கொம்பில் மட்டும். அவசரப்பட்டு இரண்டு மூன்று சத்து டப்பாவைச் சேர்த்துக் கொடுக்காதீர்கள். எல்லாவற்றிலும் செலினியம் என்ற தாது இருந்தால் அளவு மீறிவிடும், அது மீறினாலும் குளம்பு வெடிக்கும்!

சரியாகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நான் தங்கையின் நகப்பூச்சை எடுத்து, வெடிப்பின் மேல்நுனியில் குறுக்காக ஒரு கோடு போட்டேன். வாரம் ஒருமுறை பக்கத்தில் அடிக்கோல் வைத்துப் படம் எடுப்பேன். கோடும் வெடிப்பின் நுனியும் சேர்ந்தே கீழே இறங்கினால் நல்லது. வெடிப்பு கோட்டைத் தாண்டி மேலே போனால் சீவியது போதவில்லை, திரும்பக் கூப்பிட வேண்டும். மணிக்கு முழுதாகப் போக ஏழு மாதம் ஆனது. தங்கை இன்னும் அந்தப் புட்டிக்குக் காசு கேட்கிறாள்.

ரத்தமோ சீழோ வந்தால், குளம்பு சுட்டால், குட்டி நொண்டினால், மிதிக்கும்போது வெடிப்பு வாய் திறந்து மூடினால் அன்றைக்கே மருத்துவர். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று இப்போதே பார்த்து வையுங்கள். குதிரைக்கு அந்த நோய் சுலபமாக வரும், வந்தால் பிழைப்பது கஷ்டம்.

கடைசியாக ஒரு நடைமுறைச் சிக்கல். ஒரு குட்டிக்காக மட்டும் லாடக்காரர் அவ்வளவு தூரம் வர யோசிப்பார். பக்கத்து லாயங்களோடு பேசி ஐந்தாறு குதிரையாகச் சேர்த்து ஒரே நாளில் கூப்பிடுங்கள். அவர் வருவதற்குள் தினம் ஐந்து நிமிடம் குட்டியின் காலைத் தூக்கிப் பழக்குங்கள். உயரமாகத் தூக்காமல், பக்கவாட்டில் இழுக்காமல், அது பிடுங்குவதற்கு முன்பே நீங்களாக இறக்கி வைத்துவிடுங்கள். மணியை நான் பழக்காமல் விட்டதில் வாங்கிய உதை இடது தொடையில் இரண்டு வாரம் நீலமாக இருந்தது.