போரை வென்றது யார்? திருமலையிலிருந்து சில பதில்கள்

கேள்வி (வாசகி, உவர்மலை): சேர், என் மகன் கனடாவில் படிக்கிறான். அவனுடைய விடுதியில் ரஷ்ய, அமெரிக்க, போலந்துப் பிள்ளைகள் இரண்டாம் உலகப் போரை வென்றது தங்கள் நாடுதான் என்று சண்டை பிடிப்பார்களாம். "உங்கள் இலங்கைக்கு இதில் என்ன பங்கு?" என்று அவனையும் கேட்டிருக்கிறார்கள். அவன் என்ன சொல்லலாம்?

பதில்: தங்கச்சி, மகனுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. முதலில் அந்தப் பிள்ளைகளின் வழக்கைப் பார்ப்போம். மூவரும் பொய் சொல்லவில்லை. ரஷ்யப் பிள்ளை செத்தவர்களை எண்ணுகிறான். சோவியத் ஒன்றியம் இழந்தது ஏறத்தாழ 2 கோடி 70 இலட்சம் உயிர். ஜேர்மன் படையின் முதுகெலும்பு முறிந்ததும் அந்தக் களத்தில்தான். அமெரிக்கப் பிள்ளை கொடுத்ததை எண்ணுகிறான். அதே சோவியத் படைக்கு அமெரிக்கா அனுப்பிய லொறிகளும் ஜீப்புகளும் மட்டும் ஏறத்தாழ 4 இலட்சம்.

போலந்துப் பிள்ளையின் வலி வேறு. 1940இல் பிரித்தானிய வானைக் காத்த சண்டையில் 145 போலந்து விமானிகள் பறந்தார்கள். 1946 ஜூன் 8ஆம் திகதி இலண்டனில் வெற்றி அணிவகுப்பு நடந்தபோது அவர்கள் அதில் இல்லை. அதற்குள் பிரித்தானியா வார்சோவின் கம்யூனிச அரசை அங்கீகரித்து, அழைப்பையும் அங்கேதான் அனுப்பியிருந்தது. தன் பக்கத்தில் நின்று போரிட்டவர்களில் விமானப்படையினர் 25 பேரை மட்டும் கூப்பிட்டது. மற்றத் தோழர்களை விட்டுவிட்டு வரமாட்டோம் என்று அவர்களும் போகவில்லை. போலந்துக்காரர் இதை இன்னும் மறக்கவில்லை. மறக்கச் சொல்ல எனக்கு மனம் வராது.

பிரான்ஸில் நடந்ததையும் கேளுங்கள். ஜேர்மனியைத் தோற்கடிக்க அதிகம் உழைத்த நாடு எது என்று 1945இல் இஃபோப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் மக்களிடம் கேட்டது. 57 வீதத்தினர் சோவியத் என்றார்கள். 20 வீதத்தினர் அமெரிக்கா என்றார்கள். 2004இல் அதே கேள்விக்கு 58 வீதம் அமெரிக்கா, 20 வீதம் சோவியத். செத்தவர் தொகை மாறவில்லை. இடையில் பனிப்போர் வந்தது, படங்கள் வந்தன, கண்ணால் கண்டவர்கள் போய்ச் சேர்ந்தார்கள்.

சரி, எங்கள் திருகோணமலைத் துறைமுகத்துக்கு வருவோம். 1944 ஏப்ரல் 16ஆம் திகதி திருமலையிலிருந்து ஒரு பெரும் கடற்படை புறப்பட்டது. பிரித்தானியாவின் இலஸ்ட்ரியஸ், அமெரிக்காவின் சரட்டோகா என்ற இரண்டு விமானந்தாங்கிகள். பிரான்ஸின் ரிஷலியூ, ஒல்லாந்தின் டிரொம்ப், நியூசிலாந்தின் காம்பியா ஆகிய போர்க்கப்பல்கள், அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பல்கள். ஆறு நாட்டுக் கொடி. 19ஆம் திகதி சுமாத்திராவின் சபாங் துறைமுகத்தைத் தாக்கிவிட்டுத் திரும்பினார்கள். இன்று ஒவ்வொரு நாடும் தன் கப்பலின் பெயரோடு அந்தக் கதையைச் சொல்கிறது.

அந்தக் கப்பல்களுக்கு எண்ணெயும் தண்ணீரும் ஏற்றியவர்கள், பழுது பார்த்தவர்கள் எந்த நாட்டுக் கதையிலும் இல்லை. என் அப்பா டொக்யார்டில், அதாவது கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில், பிட்டராக இருந்தவர். அவருடைய பித்தளை வில்லை என்னிடம் இருக்கிறது. மேலே கயிறு கோக்க ஒரு துளை, நடுவில் குத்திய எண், விளிம்பு தேய்ந்து மழுங்கிவிட்டது. பெயர் கிடையாது. வாசலில் அந்த எண்ணைத்தான் பதிவார்களாம்.

இதைவிடப் பெரிய கணக்கு ஒன்று இருக்கிறது. 1942இல் மலாயா யப்பானிடம் விழுந்த பிறகு நேச நாடுகளுக்கு இயற்கை இறப்பர் கிடைத்த முக்கிய இடம் இலங்கை. மரம் பட்டாலும் பரவாயில்லை என்று பட்டையை ஒட்ட வெட்டிப் பால் எடுத்தார்கள். லொறிக்கும் விமானத்துக்கும் டயர் வேண்டுமே! களுத்துறை, கேகாலை, இரத்தினபுரிப் பக்கத் தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் ஏராளமானோர் தமிழ்த் தொழிலாளர்கள். போர் முடிந்து மூன்றே வருடத்தில், 1948இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. வெற்றிக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு இதைவிடக் கொடிய கைம்மாறு எனக்குத் தெரிய வேறில்லை. மகன் விடுதியில் இதை முதலில் சொல்லட்டும்.

கேள்வி (வாசகர், கிண்ணியா): இலங்கையைக் காப்பாற்றியவர் ஒரு கனேடிய விமானி என்கிறார்களே, உண்மையா?

பதில்: லெனாட் பேர்ச்சோலைக் கேட்கிறீர்கள். 1942 ஏப்ரல் 4ஆம் திகதி கொக்கலையிலிருந்து கட்டலீனா விமானத்தில் போய் யப்பானிய கப்பற்படையைக் கண்டார். செய்தியை அனுப்பிக்கொண்டிருக்கும்போதே சுட்டு வீழ்த்தினார்கள். விமானத்தில் இருந்த ஒன்பது பேரில் மூவர் இறந்தார்கள், மற்றவர்கள் போர் முடியும்வரை சிறை. பெரிய துணிச்சல், கனடா கொண்டாடுவது சரியே. ஆனால் முழுப் பெருமையையும் ஒருவர் தலையில் வைக்க மாட்டேன். அந்த எச்சரிக்கைக்குப் பிறகும் 5ஆம் திகதி கொழும்பிலும் 9ஆம் திகதி திருமலையிலும் குண்டு விழுந்தது. 9ஆம் திகதியே மட்டக்களப்புக் கடலில் ஹேர்ம்ஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் 300க்கு மேற்பட்டவர்களோடு மூழ்கியது. கடலில் மிதந்தவர்களில் சுமார் 600 பேரைத் தூக்கிக் கரை சேர்த்தது வீட்டா என்ற மருத்துவக் கப்பல். அந்தப் பெயரையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

கேள்வி (வாசகர், பாலையூற்று): நிலாவெளி வீதியில் உள்ள யுத்த மயானத்தை நாங்கள் ஏன் பராமரிக்க வேண்டும்?

பதில்: அந்தச் செலவு எங்கள் தலையில் இல்லை. பொதுநலவாய யுத்த மயான ஆணைக்குழுவுக்குப் பிரித்தானியா, கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா, இந்தியா ஆகிய ஆறு அரசுகள் பணம் கொடுக்கின்றன. பதவி, இனம், மதம் பார்க்காமல் எல்லாருக்கும் ஒரே மாதிரி மரியாதை என்பது அதன் விதி. அந்த விதி எல்லா இடத்திலும் நடக்கவில்லை என்று 2021இல் ஆணைக்குழுவே ஒப்புக்கொண்டது. முதல் உலகப் போரில் இறந்தவர்களில் குறைந்தது 1 இலட்சத்து 16 ஆயிரம் பேர், பெரும்பாலும் ஆபிரிக்கரும் மத்திய கிழக்கினரும், பெயரோடு நினைவுகூரப்படவே இல்லை. பிரித்தானிய அரசு நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது.

மன்னிப்பு நல்லது. பெயர் கிடைத்தால் இன்னும் நல்லது. உங்கள் வீட்டில் யாராவது 1939க்கும் 1945க்கும் இடையில் டொக்யார்டிலோ, சீனக்குடா எண்ணெய்க் குதத்திலோ, விமானத்தளத்திலோ வேலை செய்திருந்தால், அவருடைய பெயர், ஊர், பார்த்த வேலை மூன்றையும் எழுதி இந்தப் பகுதிக்கு அனுப்புங்கள். வில்லை, சம்பளத் துண்டு, படம் இருந்தால் பிரதி மட்டும் போதும், மூலத்தை அனுப்ப வேண்டாம். வருகிற பெயர்களை ஒவ்வோர் இதழிலும் போடுகிறேன்.