மோதலுக்குப் பிறகு அணையாத மஞ்சள் விளக்கு

கேள்வி: ஐயா, வால்பாறையில் சிறிய காப்பித் தோட்டம் வைத்திருக்கிறேன். போன மாதம் மலைப்பாதையில் பஸ்சுக்கு வழிவிட ஒதுங்கியபோது, என் பிக்கப் வண்டியின் இடது முன்சக்கரம் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் மோதியது. பம்பரையும், ஸ்டீயரிங் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பியான டை ராட் வளைந்திருந்ததால் அதையும் மாற்றிக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து வலப்பக்க வளைவுகளில் இழுவை திடீரென்று குறைகிறது; பின்பக்க வலது சக்கரத்தில் பிரேக் 'கரகர'வென்று பிடிக்கிறது. பத்து நிமிடம் ஓடியதும் சறுக்கும் கார் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிகிறது. பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்ஸின் விளக்கு எரியவில்லை. சென்சார் போய்விட்டது, மாற்ற வேண்டாம் என்றால் ஃபியூஸைப் பிடுங்கிவிடலாம் என்கிறார் மெக்கானிக். பிடுங்கலாமா? நேர் சாலையில் ஸ்டீயரிங் கொஞ்சம் வலப்பக்கம் திரும்பியே நிற்கிறது, அது பழகிவிட்டது.

பதில்: பிடுங்காதீர்கள். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில், பழகிவிட்டது என்று போகிற போக்கில் எழுதினீர்களே, அந்த வரியில்தான் உங்கள் கோளாறு இருக்கிறது.

ஸ்டீயரிங் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதை ஒரு சென்சார் சொல்கிறது. வண்டி உண்மையில் எவ்வளவு திரும்புகிறது என்பதை இன்னொன்று சொல்கிறது. இரண்டும் ஒத்துப்போக வேண்டும். உங்கள் வண்டியில் நேராகப் போகும்போதே, ஓட்டுநர் வலப்பக்கம் ஒடிக்கிறார் என்ற கணக்குதான், வண்டி சறுக்காமல் காக்கும் இழுவைக் கட்டுப்பாட்டின் கம்ப்யூட்டருக்குப் போகிறது. வலப்பக்க வளைவில் அந்தப் பொய்க் கணக்கும் கூடிவிடுகிறது. ஒடித்த அளவுக்கு வண்டி திரும்பவில்லை, முன்சக்கரம் வழுக்குகிறது என்று முடிவு செய்து, எஞ்சின் சக்தியைக் குறைத்து, வளைவின் உட்பக்கப் பின்சக்கரத்தைப் பிடிக்கிறது. இடித்தது இடது முன்பக்கம், சத்தம் வலது பின்பக்கம் என்ற குழப்பம் இதனால்தான். கணக்கு தொடர்ந்து பொருந்தாமல் போனதும் தன்னை நிறுத்திக்கொண்டு விளக்கைப் போட்டுவிடுகிறது.

மேட்டுப்பாளையத்திலிருந்து காய்கறி ஏற்றும் ஒரு வண்டி இதே குறையோடு என் பட்டறைக்கு வந்தது. அதற்குள் இரண்டு சக்கர சென்சார்களை மாற்றிப் பணத்தைக் கரைத்திருந்தார்கள். அடியில் படுத்துப் பார்த்தேன். வலது பக்கப் பழைய டை ராடைவிட இடது பக்கப் புதியதில் மூன்று மரை அதிகமாக வெளியே தெரிந்தது. மாட்டியவர் கண்ணளவில் முடுக்கிவிட்டு, சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று அளக்கும் அலைன்மென்ட் பார்க்காமல் அனுப்பியிருக்கிறார். ஸ்டீயரிங் கோணியதற்கு அதுவே காரணம்.

எனவே, முதலில் வீல் அலைன்மென்ட். ஸ்டீயரிங்கை நேராகப் பூட்டி வைத்துவிட்டுத்தான் முன்சக்கரங்களைச் சரிசெய்யச் சொல்லுங்கள். அதன் பிறகு சமதளத்தில் வண்டியை நிறுத்தி, வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரில் ஸ்டீயரிங் சென்சாருக்குப் பூஜ்யம் வைக்க வேண்டும், அதாவது இதுதான் நேர் நிலை என்று பதிய வேண்டும். இந்த வரிசை மாறக்கூடாது. கோணலான ஸ்டீயரிங்குக்குப் பூஜ்யம் வைத்தால், அலைன்மென்ட் செய்த அன்றே விளக்கு திரும்பவும் வரும். சில வண்டிகள் கொஞ்ச தூரம் நேராக ஓட்டினால் தாமாகவே பூஜ்யத்தைக் கற்றுக்கொள்ளும். உங்கள் மாடலுக்கு எது என்று சர்வீசில் கேளுங்கள். கடையில் விற்கும் மலிவான ஸ்கேனர் பெரும்பாலும் எஞ்சின் கோளாறுகளை மட்டுமே படிக்கும், அதை நம்பிப் போகாதீர்கள்.

சக்கர சென்சாரின் வயர் அறுந்திருந்தால் ஏபிஎஸ் விளக்கும் சேர்ந்தே எரியும். அது எரியாததால் புதிய சென்சார் வாங்க வேண்டாம். இடிபட்ட சக்கரம் என்பதால், ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுதாக ஒடித்து, அந்த வயர் எங்காவது உரசுகிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.

இனி ஃபியூஸ். இழுவைக் கட்டுப்பாடும் ஏபிஎஸ்ஸும் ஒரே பெட்டியில் இருப்பவை. ஃபியூஸைப் பிடுங்கினால் இரண்டும் போகும். முன், பின் சக்கரங்களுக்கு பிரேக்கை அளந்து கொடுக்கும் வேலையும் நின்றுவிடும். காலி பிக்கப்பின் பின்பக்கம் எடையே இல்லாதது. இறக்கத்தில் பிரேக்கை மிதித்தால் எடை முழுவதும் முன்னால் சாய, பின்சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொள்ளும். வண்டி குறுக்கே திரும்பிவிடும். ஆழியாறு பக்கம் நீங்கள் இறங்குவது நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள சாலை, அதுவும் மழை நாளில். ஓர் எரிச்சலூட்டும் விளக்கை மறைப்பதற்காக இதைச் செய்யச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இன்சூரன்ஸ் பில் முடியாமல் இருந்தால், அலைன்மென்ட்டையும் ஸ்கேனர் வேலையையும் சேர்க்கும்படி சர்வேயரிடம் இப்போதே எழுதிக் கொடுங்கள். பொள்ளாச்சிக்கு வண்டியைக் கொண்டு போகும்போது தாழ்ந்த கியரில் மெதுவாக இறங்குங்கள். மழை விட்ட பிறகு கிளம்புங்கள்.