வீக்கம் வடிந்துவிட்டது, மகனை ஆட விடலாமா?

கேள்வி: என் மகனுக்கு 17 வயது. வியாசர்பாடியில் கால்பந்து ஆடுகிறான். மூன்று வாரத்துக்கு முன் வலது கணுக்கால் பிசகியது. சுளுக்கு எடுப்பவரிடம் போய் எண்ணெய் போட்டு நீவிவிட்டோம். வீக்கம் வடிந்துவிட்டது. ஆனால் ஓடித் திரும்பினால் கால் மடங்கிக்கொள்கிறது என்கிறான். போன வருடமும் இதே கால்தான். அடுத்த மாதம் டோர்னமென்ட். ஆட விடலாமா?
- ஒரு தாய், வியாசர்பாடி

பதில்: இப்போதைக்கு வேண்டாம், அம்மா.

பாதம் உள்பக்கம் மடங்கும்போது வெளிப்பக்கத்து லிகமென்ட் (எலும்பையும் எலும்பையும் இணைக்கும் நார்) இழுபட்டுக் கிழிகிறது. வலி சில வாரத்தில் போய்விடும். ஆனால் பாதம் எப்படித் தரையில் பதிகிறது என்று மூளைக்குச் சொல்லும் உணர்வு மழுங்கிப்போயிருக்கும். அதைத் திரும்பப் பழக்காமல் கிரவுண்டில் இறங்குவதால்தான் அதே கால் மறுபடியும் பிசகுகிறது.

நீவியதற்காக உங்களைக் குறை சொல்ல மாட்டேன், நம் வீடுகளில் முதலில் தோன்றுவது அதுதான். ஆனால் அடிபட்ட முதல் இரண்டு மூன்று நாள் அழுத்தி நீவக் கூடாது, சூடான ஒத்தடமும் கூடாது, வீக்கம் கூடும். ஐஸைத் துணியில் சுற்றி 15-20 நிமிடம் வைத்து, கிரேப் பேண்டேஜ் கட்டி, காலைத் தலையணை மேல் உயர்த்தி வைத்தால் போதும். அன்று நாலு அடிகூட ஊன்றி நடக்க முடியவில்லை என்றாலோ, கணுக்காலில் புடைத்திருக்கும் எலும்பின் பின்ஓரத்தை அழுத்தினால் வலித்தாலோ எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும். உங்கள் கடிதத்தில் எக்ஸ்ரே பற்றிப் பேச்சே இல்லை. ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டரிடம் முதலில் காட்டிவிடுங்கள்.

எலும்பில் ஒன்றுமில்லை என்று அவர் சொன்னதும் வீட்டிலேயே ஆரம்பிக்கலாம். சுவரோரம் வெறுங்காலோடு வலது காலில் மட்டும் 30 விநாடி நிற்கச் சொல்லுங்கள். நீங்கள் கீழே உட்கார்ந்து அந்தப் பாதத்தைப் பாருங்கள்: நரம்பு புடைத்துத் துடிக்கும், பாதம் உள்ளும் வெளியும் ஆடும். இடது காலில் நிற்கச் சொன்னால் வித்தியாசம் உங்களுக்கே தெரியும். ஆட்டம் அடங்கியதும் கண்ணை மூடிக்கொண்டு நிற்கட்டும், அப்புறம் மடித்த போர்வை மேல்.

அடுத்தது பழைய சைக்கிள் டியூப். அதைக் கட்டில் காலில் கட்டி, மறுமுனையை வளையமாக முன்பாதத்தில் மாட்ட வேண்டும். காலை நீட்டி உட்கார்ந்தால் டியூப் இடது பக்கமிருந்து இழுக்க வேண்டும். பாதத்தை மட்டும் வெளிப்பக்கம் திருப்பி, மெதுவாகத் திரும்ப விடணும். முட்டியும் கூடவே திரும்பினால் பலன் இல்லை. கால் மடங்கும் நேரத்தில் பிடித்து நிறுத்துவது இந்த வெளிப்பக்கத் தசைதான். குதிகாலை உயர்த்தி இறக்குவதையும் சேர்த்துக்கொள்ளட்டும். மறுநாள் காலையில் வீக்கம் கூடியிருந்தால் குறைத்துக்கொள்ளணும்.

டோர்னமென்ட் தேதியைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். வலது காலில் முன்னும் பக்கவாட்டிலும் வலியில்லாமல் நொண்டி அடிக்க வேண்டும். வளைந்து ஓடி, சட்டென்று நின்று திரும்பவும் வர வேண்டும். அதன் பிறகே பயிற்சி, கடைசியில்தான் மேட்ச். அப்போதும் கணுக்கால் பிரேஸ் (கணுக்காலைத் தாங்கிப் பிடிக்கும் உறை) போடட்டும். ஏற்கெனவே பிசகிய காலுக்கு அது நன்றாக உதவும். டீமில் இடம் போய்விடும் என்ற பயத்தில் பையன் வலியை மறைப்பான், அதனால் கோச்சிடம் நீங்களே போய்ப் பேசுங்கள்.