பூட்டிய சைக்கிள் எப்படிப் போனது?

கேள்வி: மகன் ஓ.எல். படிக்கிறான். ரியூசன் நடக்கும் இடத்தில் மதிலோரம் விட்ட சைக்கிளைக் காணவில்லை. பின்சில்லில் வளையப் பூட்டுப் போட்டிருந்தது, திறப்பும் அவனிடம்தான் இருக்கிறது. இனி எந்தப் பூட்டு வாங்கலாம்? (ஒரு தாய், பரந்தன்)

பதில்: தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள் அம்மா. வளையப் பூட்டு சில்லைச் சுழலவிடாது, அதற்குமேல் அதனிடம் எதிர்பார்க்க முடியாது. சுமார் இருபது கிலோச் சாமானை இரண்டு பேர் ஓட்டோவிலோ லான்ட்மாஸ்ரர் பெட்டியிலோ ஏற்ற ஒரு நிமிடம் பிடிக்காது. பின்சில்லைத் தூக்கிப் பிடித்து முன்சில்லில் உருட்டிக்கொண்டு போனாலும், பார்க்கிறவர்கள் “பாவம், காத்துப் போட்டுது” என்று வழிவிடுவார்கள்.

வளையப் பூட்டு இருக்கட்டும். அதோடு சைக்கிளை அசையாத ஒன்றில் பிணைக்க இன்னொரு பூட்டு வேண்டும். கடைகளில் கலர் கலராகத் தொங்கும் மெல்லிய வயர் பூட்டுக்குக் காசைக் கொடுக்க வேண்டாம். பிளாஸ்ரிக் உறைக்குள் இருப்பது முறுக்கிய மெல்லிய கம்பி, நல்ல குறடு ஒன்றுக்கே தாங்காது. அதைவிட ஹாட்வெயார் கடையில் எட்டு மில்லிமீற்றர் தடிப்பான சங்கிலி ஒரு மீற்றர் அளவில் வெட்டி வாங்கி, நல்ல ஆமைப்பூட்டு ஒன்று எடுங்கள். சங்கிலியைப் பழைய சைக்கிள் ரியூப்புக்குள் நுழைத்துவிட்டால் பெயின்ற் உரசாது, சத்தமும் வராது.

பூட்டும் விதமும் முக்கியம். பின்சில்லையும் பிறேமையும் சேர்த்து இரும்புத் தூணிலோ கேற்றுக் கம்பியிலோ சுற்றுங்கள். சங்கிலி நிலத்தில் கிடக்கக் கூடாது. நிலத்தில் கிடந்தால் வெட்டுகிறவன் கட்டரின் ஒரு பிடியை மண்ணில் ஊன்றி, மற்றதில் ஏறி மிதித்து வெட்டிவிடுவான். கிளுவங்கதியாலில் பூட்டினால் கதியாலையும் சேர்த்துப் பிடுங்குவார்கள். தூணே இல்லாத இடமென்றால் கூட்டாளிகள் நான்கு பேரின் சைக்கிள்களையும் ஒரே சங்கிலியில் பிணைக்கலாம். நான்கையும் ஒன்றாகத் தூக்க ஆள் வேண்டுமே!

அடுத்த சைக்கிளின் பிறேம் இலக்கத்தை வாங்கிய அன்றே போனில் படம் எடுத்து வையுங்கள். சீற் குழாயிலோ, பெடல் அச்சு ஓடும் குழாயின் அடியிலோ அடித்திருக்கும். பொலிஸில் “கறுப்பு லுமாலா சைக்கிள்” என்று மட்டும் முறைப்பாடு கொடுத்தால் அவர்கள் எந்தக் கறுப்பு லுமாலாவைத் தேடுவார்கள்? வற்றாப்பளைப் பொங்கல் மாதிரிச் சனம் கூடும் இடங்களில் சைக்கிள் பாதுகாப்பிடத்தில் தரும் துண்டைக் கூடைக்குள் போட்டுவிட்டுப் போகிறவர்களும் உண்டு. மகனிடம் அதையும் சொல்லி வையுங்கள்.

கேள்வி: புதுச் செயின் போட்டும் ஏற்றத்தில் மிதிக்கும்போது நழுவுகிறது. பழைய எஞ்சின் ஒயில் தவறாமல் விடுகிறேன். கடைக்காரர் பிறீவீல் (பின்பல்லுச் சில்லு), முன்பல்லுச் சில்லு இரண்டையும் மாற்றச் சொல்கிறார். ஏமாற்றுகிறாரா? (ஒரு விவசாயி, ஒட்டுசுட்டான்)

பதில்: பாதி சரியாகச் சொல்கிறார். பழைய செயின் தேய்ந்து நீளும்போது பிறீவீல் பற்களையும் சேர்த்துத் தின்றுவிடும். அதில் புதுச் செயின் பிடிக்காது. பற்கள் ஒருபக்கம் சாய்ந்து கொக்கி மாதிரி இருந்தால் பிறீவீலை மாற்றத்தான் வேண்டும். முன்பல்லுச் சில்லு அவ்வளவு விரைவில் தேயாது. பல் நேராக இருந்தால் அதற்குச் செலவழிக்க வேண்டாம். செயின் தளர்ந்தாலும் நழுவும். நடுவில் விரலால் தூக்கினால் அரை அங்குலம் அசைய வேண்டும், அவ்வளவுதான்.

இனி அடிமட்டம் ஒன்றை எடுத்து நீங்களே பார்க்கலாம். செயினில் ஓர் ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் இடையே அரை அங்குலம். ஒரு ஊசியின் நடுவில் பூச்சியத்தை வைத்தால், அதற்கு அடுத்த ஊசியிலிருந்து எண்ணி இருபத்துநான்காவது ஊசி சரியாக 12 அங்குலத்தில் நிற்க வேண்டும். அரைக்கால் அங்குலம் தள்ளி நின்றால் அந்தச் செயின் முடிந்தது. அதற்கு முன்பே மாற்றினால் பிறீவீல் தப்பும்.

பழைய எஞ்சின் ஒயிலை இன்றோடு நிறுத்துங்கள். அது தடிப்பு, இரும்புத் தூளும் அதில் இருக்கும். கிறவல் றோட்டுப் புழுதி அதில் ஒட்டினால் உங்கள் செயினுக்கு நீங்களே அரம் போட்டது மாதிரி. மண்ணெண்ணெய் நனைத்த துணியால் செயினைத் துடைத்துக் காயவிட்டு, தையல் மெசின் ஒயில் ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு விடுங்கள். பெடலைப் பின்பக்கமாகச் சுற்றிவிட்டு வெளியே நிற்கும் ஒயிலைத் துடைத்து எடுங்கள். மாரியில் சேறு பட்ட நாளெல்லாம் இதைச் செய்தால் நல்லது.

கடையில் எதை மாற்றினாலும் கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள். தரத் தயங்கும் கடைக்கு அடுத்தமுறை போகாதீர்கள்.

கேள்வி: இரவு காற்று அடித்தால் விடியச் சப்பை. ரியூப்பில் ஓட்டை இல்லை. (மல்லாவி)

பதில்: காற்று அடிக்கும் வால்கட்டையில் எச்சிலைத் தொட்டு வையுங்கள். குமிழி வந்தால் உள்ளே இருக்கும் சின்ன றப்பர் வெடித்துவிட்டது. வெயிலில் அது காய்ந்துபோகும். அதை மட்டும் மாற்றினால் போதும், புது ரியூப் தேவையில்லை.

கேள்வி: தெரிந்த பொடியன் ஒருவன் நல்ல சைக்கிளைப் பாதி விலைக்குத் தருகிறான். பில் இல்லை. வாங்கலாமா? (புதுக்குடியிருப்பு)

பதில்: 2022இல் பெற்றோல் வரிசை நீண்டபோது சைக்கிளின் மதிப்பு எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பாதி விலை என்றாலே யோசியுங்கள். பிறேம் இலக்கம் அராவியோ, அந்த இடம் மட்டும் புதுப் பெயின்ற் பூசியோ இருந்தால் பேச்சே வேண்டாம். களவுச் சைக்கிள் என்று தெரிந்தால் பொலிஸ் அதை எடுத்துக்கொண்டு போகும், காசும் திரும்பாது. இலக்கம் தெளிவாக இருந்தால் விற்கிறவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், பிறேம் இலக்கம், விலை, திகதி எல்லாம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நேர்மையாக விற்கிறவர் இதற்குக் கோபிக்கமாட்டார்.

கடையில் வாங்குவதென்றால் பில் கேளுங்கள். கேட்டால் தரவேண்டும் என்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் சட்டம். மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 இலக்கத்தில் சொல்லலாம். பழையதோ புதியதோ, முன்சில்லைப் பிடிக்கும் முன்போக் பிறேமோடு சேரும் இடத்தில் பெயின்ற் வெடித்திருக்கிறதா என்று பார்த்த பிறகு விலையைப் பேசுங்கள்.